மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் நடைமுறையை மீறினால் உயர் நீதிமன்றத்தில் புகார் கொடுப்பது எப்படி?

கைதான ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸ் நீட்டும் தாளை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், எதிரே நிற்பவரை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்து, "அடித்தார்களா? எதற்காகப் பிடித்தார்கள் என்று சொன்னார்களா? வக்கீல் இருக்கிறாரா?" என்று கேட்கும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது. அந்த ஒருவர் தன் வேலையைச் செய்யாமல், ரிமாண்ட் உத்தரவில், அதாவது ஆளைக் காவலில் வைக்கும் உத்தரவில், கையெழுத்து மட்டும் போட்டால் என்ன செய்வது என்று தேடினேன். தெளிவாகச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. என் உறவினர் ஒருவரின் வழக்கில் வக்கீல்கள், கோர்ட் ஊழியர்கள், சட்டப் புத்தகங்கள் என்று அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

இது சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வரும் தமிழ்நாடு, புதுச்சேரி கோர்ட்டுகளை மனதில் வைத்து எழுதியது. புலன்விசாரணைக் கட்டத்தில், அதாவது கைதில் இருந்து குற்றப்பத்திரிகை வரை, மாஜிஸ்ட்ரேட் செய்யும் நடைமுறை மீறல்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1. தவறான உத்தரவா, தவறான நடத்தையா?

எல்லாப் புகாரும் விழுகிற இடம் இது. மாஜிஸ்ட்ரேட் ஜாமீன் தரவில்லை, போலீஸ் சொன்னதை நம்பினார், சட்டப்பிரிவைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதெல்லாம் மேல்கோர்ட்டில் சரிசெய்ய வேண்டிய பிழைகள். அதற்காக ஒரு நீதிபதி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. கிருஷ்ண பிரசாத் வர்மா வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. பீகாரில் ஒரு நீதிபதி ஜாமீன் கொடுத்ததையும் இன்னொரு வழக்கில் சாட்சிய விசாரணையை முடித்ததையும் வைத்து அவர் மீது எடுத்த நடவடிக்கையை ரத்து செய்தார்கள். தவறான உத்தரவு போட்டால் வேலை போகும் என்ற பயம் வந்துவிட்டால், எந்த மாஜிஸ்ட்ரேட்டும் ஜாமீன் கொடுக்கத் துணிய மாட்டார். இதை நம் நன்மைக்கான பாதுகாப்பாகவே நான் பார்க்கிறேன்.

அப்படியானால் எது நடவடிக்கைக்கு உரியது? கே.கே. தவான் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலைத்தான் இன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். நேர்மையைச் சந்தேகிக்க வைக்கும் செயல், கடமையில் அப்பட்டமான அலட்சியம், யாருக்கோ சலுகை காட்டுவது, லஞ்சம் ஆகியவை அதில் இருக்கின்றன. இவற்றோடு, நம் விஷயத்துக்கு மிக முக்கியமான ஒன்றும் இருக்கிறது: ஓர் அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்குச் சட்டம் விதித்திருக்கும் அவசியமான நிபந்தனைகளைக் கைவிட்டு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது.

ரிமாண்டில் அந்த நிபந்தனைகள் என்ன என்று 2014ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் காட்ட வேண்டும். மாஜிஸ்ட்ரேட் அதைப் படித்து, தனக்குத் திருப்தி என்று காரணத்தோடு பதிவு செய்த பிறகுதான் காவலில் வைக்க உத்தரவிடலாம். காரணம் எழுதாமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்ட்ரேட் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கும் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்கள் வழக்கு இந்த வகைக்குள் வந்தால், புகாரின் முதுகெலும்பு இந்த வரிதான்.

இதன்படி, கீழே சொல்கிறவற்றில் ஏதாவது நடந்திருந்தால் மேலே போவதில் பொருள் இருக்கிறது. ஆளை நேரில் நிறுத்தாமலே முதல் ரிமாண்ட் செய்தது அல்லது போலீஸ் காவலுக்கு அனுப்பியது. காயம் வெளிப்படையாகத் தெரிந்தும், அவரே சொல்லியும் பதிவு செய்யாதது. 24 மணி நேரம் தாண்டியது ரிக்கார்டிலேயே தெரிந்தும் கேள்வி கேட்காதது. உத்தரவில் காரணம் என்று ஒரு வரிகூட இல்லாதது, அல்லது எல்லா வழக்குக்கும் ஒரே அச்சடித்த வாசகம் இருப்பது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்று பார்க்காதது. கடைசியாகச் சொன்னது இப்போது வலுவான காரணம். பங்கஜ் பன்சால் (2023), பிரபீர் புர்காயஸ்தா (2024), விஹான் குமார் (2025) என்று வரிசையாக வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு, 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமாக இருந்தாலும் கைதுக்கான காரணத்தை அந்த ஆளுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் ஒருவருக்கு ஆங்கிலத்தில் அடித்த தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

ஒரே ஒரு தடவை நடந்ததைவிட, அதே கோர்ட்டில் பல வழக்குகளில் ஒரே மாதிரி நடந்தது என்று காட்ட முடிந்தால் புகாரின் கனம் வேறு. ஈகோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கும் உத்தரவுகளைத் தேடிப் பாருங்கள், அதே கோர்ட்டில் வழக்கு நடத்தும் மற்ற குடும்பங்களிடமும் கேளுங்கள்.

2. ஆளை வெளியே கொண்டுவரும் வேலையை இதோடு கலக்காதீர்கள்

புகார் கொடுத்தால் ரிமாண்ட் ரத்தாகாது. புகாரை எடுத்துக்கொண்டாலும் அதனால் ஜாமீன் வராது. பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்து மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிடுகிறார்கள். எனவே முதல் வேலை ஜாமீன் மனு. சதேந்தர் குமார் ஆன்டில் தீர்ப்பின்படி (2022) கைதுக்கான நடைமுறையைப் பின்பற்றாததே ஜாமீன் கேட்க ஒரு காரணம். அதை மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

ரிமாண்ட் உத்தரவையே எதிர்ப்பது என்றால் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 528ஆவது பிரிவின் கீழ் மனு போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482தான் அது. ரிமாண்ட் இடைக்கால உத்தரவு என்பதால் அதன் மேல் சீராய்வு மனு பொதுவாக நிற்காது. ஆட்கொணர்வு மனு போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். கோர்ட் ரிமாண்ட் செய்த பிறகு அது பொதுவாக நிற்காது என்று செந்தில் பாலாஜி வழக்கில் 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிமாண்ட் முழுக்க முழுக்கச் சட்டவிரோதம், மூளையைச் செலுத்தாமல் இயந்திரத்தனமாகப் போடப்பட்டது என்று காட்ட முடிந்தால்தான் அந்த வழி.

குற்றப்பத்திரிகை வராமல் 60 அல்லது 90 நாள் கடந்துவிட்டதா என்பதையும் எண்ணிக்கொண்டே இருங்கள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த நாள் முடிந்ததும், குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன்பு, ஜாமீன் கேட்டு மனு போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தூங்கினாலும், கெடு தாண்டியதால் கிடைக்கும் ஜாமீன் உரிமை போய்விடும்.

மேல்கோர்ட்டில் போடும் மனுவால் புகாருக்கும் ஒரு நன்மை உண்டு. "மாஜிஸ்ட்ரேட் மனத்தைச் செலுத்தாமல் ரிமாண்ட் செய்திருக்கிறார்" என்று உயர் நீதிமன்ற நீதிபதியே ஒரு வரி எழுதிவிட்டால், உங்கள் புகாருக்கு அதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது. சில நேரம் அந்த உத்தரவின் நகலை நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி நீதிபதியே எழுதிவிடுவார், அப்போது தனியாகப் புகார் கொடுக்க வேண்டிய தேவையே இருக்காது. ஆகவே அவசரப்பட்டுப் புகாரை முதலில் அனுப்பாதீர்கள், அந்த உத்தரவு வரட்டும்.

3. காகிதங்களைச் சேர்ப்பது

இந்த முயற்சியில் நேரத்தைத் தின்னும் பகுதி இதுதான், ஆனால் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். கைதான முதல் ஒன்றிரண்டு நாளில் உருவாகும் தாள்கள்தான் சாட்சி. அவற்றுக்குப் பிறகு எழுதப்படும் எதுவும் அந்த அளவு நம்பப்படாது.

முதலில் வாங்க வேண்டியது ரிமாண்ட் உத்தரவின் சான்றிட்ட நகல். வக்கீல் செல்போனில் எடுத்த படம் போதாது. கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டு, அதற்குரிய ஸ்டாம்ப் ஒட்டி, கோர்ட் முத்திரையோடு வாங்க வேண்டும். மனு போடும்போது "ரிமாண்ட் உத்தரவு" என்று மட்டும் எழுதாமல், ரிமாண்ட் ரிப்போர்ட், கைதுக் குறிப்பாணை, கைதுக்கான காரணம் தெரிவித்த தாள், உறவினருக்குத் தகவல் சொன்ன தாள், மருத்துவச் சான்று, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் நிரப்பிக் கொடுத்த செக்லிஸ்ட், அந்த நாளின் கோர்ட் பதிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இவற்றில் ஏதாவது "ரிக்கார்டில் இல்லை" என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். செக்லிஸ்டே இல்லாமல் ரிமாண்ட் நடந்தது என்பதற்கு அந்த ஒற்றை வரிப் பதிலே ஆவணம்.

ஒரு பொறி: கோர்ட் ஆவணங்களை ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்காதீர்கள். கோர்ட்டின் நகல் விதிகள் இருக்கும்போது அந்த வழியில்தான் வாங்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஆர்.டி.ஐ.யில் போட்டுக் காத்திருந்தால் ஒரு மாதம் வீண். இன்னொன்று, கேஸ் டைரியைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். அது போலீஸின் புலன்விசாரணைக் குறிப்பேடு, அதைப் பார்க்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை இல்லை. "கேஸ் டைரியை வரவழைத்துப் பாருங்கள்" என்று புகாரில் ஒரு வேண்டுகோளாக எழுதலாம், அது போதும்.

கோர்ட்டுக்கு வெளியே மூன்று இடங்களில் சாட்சி இருக்கிறது.

மருத்துவமனை: அரசு மருத்துவமனையில் காயத்தோடு ஒருவரைப் பார்த்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள். அதன் நகலைக் கேளுங்கள். ரிமாண்டுக்கு முன் போலீஸ் வாங்கிய சான்றில் "காயம் இல்லை" என்று இருந்து, சிறைக்குப் போன பிறகு மருத்துவர் எழுதியதில் காயம் இருந்தால் அந்த இடைவெளிதான் உங்கள் வழக்கு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்ட நிலையில் ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்துபோனார்களே, அந்த நிகழ்வுக்குப் பிறகும் ரிமாண்ட் நேரத்தில் உடம்பைப் பார்ப்பது பல இடங்களில் சடங்காகத்தான் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

சிறை: உள்ளே எடுக்கும்போது உடம்பில் இருக்கும் காயங்களைப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவை வக்கீல் மூலம் மனு போட்டுக் கேளுங்கள்.

காவல் நிலையம்: எல்லா நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உத்தரவு இருக்கிறது. எத்தனை மணிக்கு ஆளை உள்ளே கொண்டுவந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் "கேமரா பழுது" என்ற பதில் வருவதற்கு முன் எழுதிக் கேட்க வேண்டும். கைதான வாரத்திலேயே, குறிப்பிட்ட தேதி, மணி போட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். ஆர்.டி.ஐ.யிலும் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். வீட்டிலோ கடையிலோ இருந்து கூட்டிப் போனார்கள் என்றால், பக்கத்துக் கடைகளின் கேமரா பதிவுகள் சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும், அதை அன்றைக்கே போய் வாங்குங்கள்.

4. மணிக்கணக்குப் பட்டியல்

காகிதங்கள் கையில் வந்ததும் ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு, கைதுக் குறிப்பாணையில் எத்தனை மணி, மருத்துவமனையில் எத்தனை மணி, மாஜிஸ்ட்ரேட் முன் எத்தனை மணி, சிறையில் எத்தனை மணி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். ஆவணம் இல்லாத வரிக்கு "மனுதாரர் நேரில் அறிந்தது" என்று நேர்மையாகப் போடுங்கள். புகாரைப் படிக்கப் போகிறவர் ஒரு நாளில் எத்தனையோ புகார்களைப் பார்ப்பவர். இந்த ஒரு பக்கத்தில் பிடிபடவில்லை என்றால் பின்னால் இருக்கும் ஐம்பது பக்கத்தை அவர் புரட்டுவார் என்று நம்ப முடியாது.

24 மணி நேரக் கணக்கில் கவனம். கைது செய்த இடத்தில் இருந்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வரையிலான பயண நேரம் கணக்கில் சேராது. அதைக் கழித்த பிறகும் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

5. புகார் எழுதுவது

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி 2014 அக்டோபரில் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் ஒரு வழிகாட்டுதல் அனுப்பினார். கீழ்கோர்ட் நீதிபதி மீதான புகாரோடு முறைப்படி சத்தியம் செய்த பிரமாண வாக்குமூலமும், சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லை என்றால் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அப்படியே ஃபைலில் போட்டு மூடிவிட வேண்டும். எத்தனையோ நியாயமான புகார்கள் இதனால்தான் பதிலே இல்லாமல் முடிகின்றன. வெறும் கடிதம், மொட்டைக் கடிதம், ஈமெயில், வாட்ஸ்அப் எதுவும் பயன்படாது.

ஆக மூன்று பகுதி: புகார் மனு, நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலம், பக்க எண் போட்ட ஆவணத் தொகுப்பு. வாக்குமூலத்தில் உங்கள் பெயர், முகவரி, வழக்கில் நீங்கள் யார், எந்தெந்தப் பத்தி நேரில் அறிந்தது, எது ஆவணத்தைப் பார்த்து அறிந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பொய் வாக்குமூலம் கொடுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம், எனவே கேள்விப்பட்டதை எல்லாம் உள்ளே திணிக்காதீர்கள். "அந்த இன்ஸ்பெக்டரும் மாஜிஸ்ட்ரேட்டும் ஒரே ஊர்க்காரர்களாம், பணம் கைமாறியதாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆதாரம் உள்ள மற்ற பத்து வரிகளும் அதோடு போய்விடும். லஞ்சத்துக்கு உண்மையிலேயே ஆதாரம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

மொழி அடக்கமாக இருக்கட்டும். "சட்டத்தைக் காலில் போட்டு மிதித்தார்" என்று எழுதுவதைவிட, "பி.என்.எஸ்.எஸ். 187இன்படி ரிமாண்ட் செய்யும்போது கைதுக்கான காரணம் எழுத்தில் கொடுக்கப்பட்டதா என்பது பற்றி உத்தரவில் எதுவும் இல்லை, காண்க: பக்கம் 14" என்று எழுதினால்தான் வேலை நடக்கும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு பத்தி, அதற்கு ஒரு சட்ட நிபந்தனை, ஒரு பக்க எண். ஐந்தாறு பக்கத்துக்குள் முடியுங்கள்.

தமிழிலேயே எழுதலாம். ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்துவிடுங்கள். தலைமை நீதிபதி பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருந்து வருபவர், தமிழ்ப் பக்கங்களை மொழிபெயர்க்க அனுப்பினால் அதற்கே வாரங்கள் ஆகும்.

போலீஸ் மீதான புகாரை இதற்குள் போடாதீர்கள். அடித்தவர் மீது எஸ்.பி.க்கு, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு என்று தனியாகக் கொடுங்கள். ஆணையத்துக்கு சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மாஜிஸ்ட்ரேட் மீதே கிரிமினல் வழக்கு, நஷ்டஈட்டு வழக்கு போடுகிறேன் என்று கிளம்புவதும் வேண்டாம். நீதிபதியாக இருந்து செய்த வேலைக்கு 1985ஆம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் அரணாக நிற்கும். அந்தச் சட்டமே துறை நடவடிக்கைக்கு வழி விட்டிருக்கிறது, நாம் போக வேண்டிய வழியும் அதுதான்.

6. யாருக்கு அனுப்புவது

அரசியலமைப்பின் 235ஆவது பிரிவின்படி கீழ்கோர்ட்டுகள் மீதான கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம் மட்டும்தான். முதலமைச்சர் தனிப்பிரிவு, கலெக்டர் மனுநாள், சட்ட அமைச்சர் என்று போடும் மனுக்களால் எதுவும் நடக்காது, அதிகபட்சம் சுற்றிச் சுற்றி உயர் நீதிமன்றத்துக்கே வரும், அதுவும் வாக்குமூலம் இல்லாமல்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே விஜிலென்ஸ் பிரிவு இருக்கிறது, அதன் தலைவர் பதிவாளர் (விஜிலென்ஸ்). முகவரியில் அவர் பெயர் வேண்டாம், பதவி போதும்: பதிவாளர் (விஜிலென்ஸ்), சென்னை உயர் நீதிமன்றம், சென்னை 600104. தென் மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளைக்குத்தானே அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். வழக்குக்கு மதுரை சரி. இது நிர்வாக விஷயம், நிர்வாகம் தலைமை நீதிபதியின் கையில், ஆகவே சென்னைக்கே அனுப்புங்கள். ஒரு பிரதியை உங்கள் மாவட்ட முதன்மை நீதிபதிக்கும் அனுப்பலாம். அங்கே இருந்து அறிக்கை கேட்க வாய்ப்பு அதிகம் என்பதால் அவருக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நீதிபதி மீது புகார் கொடுத்தால் நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அவமதிப்புச் சட்டம் 1971இன் 6ஆவது பிரிவைப் படியுங்கள். கீழ்கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடமோ இன்னொரு கீழ்கோர்ட்டிடமோ சொல்வது அவமதிப்பு ஆகாது. அந்தப் பாதுகாப்பு அந்த இடங்களில் சொல்வதற்கு மட்டும்தான். புகாரின் பிரதியைப் பத்திரிகைக்குக் கொடுப்பது, ஃபேஸ்புக்கில் போடுவது, யூடியூப் சேனலில் உட்கார்ந்து அந்த மாஜிஸ்ட்ரேட்டின் பெயரைச் சொல்லித் திட்டுவது, எதற்கும் இந்தப் பிரிவு துணைக்கு வராது. அவமதிப்புக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. விசாரணை முடியும் வரை வாயைக் கட்டிக்கொள்வது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்யுங்கள்.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் பதிவோடு அனுப்ப வேண்டும் என்று கவுண்டரில் சொல்லிக் கேளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

7. செலவு

புகாருக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. நகல் ஸ்டாம்புகள், ஜெராக்ஸ், நோட்டரி, மொழிபெயர்ப்பு, தபால் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூன்றாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பணம் போவது வக்கீலுக்குத்தான், அதுவும் உயர் நீதிமன்ற மனுவுக்கு.

உள்ளூர் வக்கீல் புகார் எழுதத் தயங்குவார். அவர் நாளைக்கும் அதே மாஜிஸ்ட்ரேட் முன் நின்றாக வேண்டும், அவருக்கு வேறு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அதனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நகல் வாங்குவது, ஜாமீன் போடுவது வரை அவரை வைத்துக்கொண்டு, புகாரை வேறு மாவட்டத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தொழில் செய்பவரிடம் எழுதி வாங்குங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜாமீனுக்கும் உயர் நீதிமன்ற மனுவுக்கும் அது பெரிய உதவி.

"விஜிலென்ஸில் எனக்கு ஆள் இருக்கிறது, நகர்த்தித் தருகிறேன்" என்று பணம் கேட்டு யாராவது வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தது வெளியே வந்தால் புகாரே நாறிப்போகும்.

8. அனுப்பிய பிறகு

இதற்குச் சட்டத்தில் கெடு கிடையாது. முதலில் வாக்குமூலமும் ஆதாரமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் புகாரின் நம்பகத்தைச் சரிபார்ப்பார்கள், அந்த மாஜிஸ்ட்ரேட்டிடம் விளக்கம் கேட்பார்கள், தேவைப்பட்டால் மாவட்ட நீதிபதியிடம் அறிக்கை கேட்பார்கள். இதற்கே பல மாதம் ஆகும். அதில் முகாந்திரம் தெரிந்தால்தான் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி, சாட்சி விசாரணை, அப்புறம் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கூடி முடிவு. வருடக்கணக்கில் இழுக்கலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

என்ன தண்டனை என்றால், கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் என்று படிப்படியாக இருக்கிறது. பணிநீக்கம் என்றால் உயர் நீதிமன்றம் பரிந்துரைத்து ஆளுநர் உத்தரவிடுவார். நடைமுறைத் தவறுக்கு மட்டும் அந்த அளவுக்குப் போவது அரிது. பணிப் பதிவேட்டில் குறிப்பு, இடமாற்றம், ஜுடீஷியல் அகாடமியில் பயிற்சி என்று முடியவும் கூடும். 2023 மார்ச்சில் ஆன்டில் வழக்கின் தொடர்ச்சியில், தன் தீர்ப்புகளைப் பின்பற்றாத மாஜிஸ்ட்ரேட்டுகளிடம் இருந்து நீதிப்பணியை எடுத்துவிட்டுக் கொஞ்ச காலம் அகாடமிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. எனக்கு அது சரியான தண்டனையாகத்தான் படுகிறது. அடுத்த ஆள் வந்து நிற்கும்போது அவர் தலை நிமிர்ந்து பார்த்தால் போதும், அவர் வேலை போக வேண்டும் என்பது என் ஆசை இல்லை.

முடிவை உங்களுக்கு விவரமாகச் சொல்ல மாட்டார்கள். ஆர்.டி.ஐ.யில் கேட்டாலும், அரசு ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை விவரம் தனிப்பட்ட தகவல் என்று 2012ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் வந்த தீர்ப்பைக் காட்டி மறுப்பார்கள். "என் புகார் எந்த நிலையில் இருக்கிறது, மூடப்பட்டதா" என்று மட்டும் கேளுங்கள், அதற்குப் பதில் வர வாய்ப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பழைய தபால் சான்றின் நகலோடு ஒரு பக்க நினைவூட்டல் போதும். ஒவ்வொரு தடவையும் புதுக் குற்றச்சாட்டைச் சேர்க்காதீர்கள்.

இதற்கிடையில் வழக்கு அதே மாஜிஸ்ட்ரேட்டிடம் இருக்குமே என்ற கவலை நியாயமானது. வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 448இன் கீழ் செஷன்ஸ் நீதிபதியிடமோ 447இன் கீழ் உயர் நீதிமன்றத்திடமோ மனு போடலாம். புகார் கொடுத்திருக்கிறேன் என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால் தள்ளுபடி செய்துவிடுவார்கள், புகாருக்குப் பிறகு கோர்ட்டில் என்ன நடந்தது என்று தேதியோடு எழுத வேண்டும்.

விசாரணைக்கு உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். புகார் கொடுத்தவர் வரவில்லை என்பதற்காகவே மூடப்படும் புகார்கள் உண்டு. போகும்போது சான்றிட்ட நகல்களின் அசல் தொகுப்பையும், நீங்கள் அனுப்பிய அதே பக்க எண்களோடு ஒரு ஜெராக்ஸ் தொகுப்பையும் கொண்டு போங்கள். எதிர்த்தரப்பில் அந்த மாஜிஸ்ட்ரேட்டோ அவர் சார்பில் ஒருவரோ உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். ஞாபகத்தில் இருந்து மணி நேரத்தைச் சொல்லாமல், பட்டியலைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சாட்சிக்கான பயணப்படி கேட்கலாம் என்பதால் பஸ், ரயில் டிக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.